மூன்றாவது வீடு

போன வருஷம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த மே மாதம் அது; சின்னப் படகுகளுக்குத் தடை இல்லை. திருவொற்றியூருக்கு வடக்கே, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறாங்கற்களின் மேல் காலை வெயிலில் உட்கார்ந்து, என் தம்பியின் ஃபைபர் படகை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் மீன் பிடித்துக்கொண்டிருந்த இடம், நாங்கள் பிறந்து வளர்ந்த தெரு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் குப்பத்தில் கடலை ஒட்டி இருந்த அந்தத் தெரு, நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு மழைக்காலத்தில் கடலுக்குள் போய்விட்டது. அலை பல மாதமாக மண்ணை அரித்து அரித்து, கடைசியில் ஒரு புயலில் வீடுகளை வரிசையாகச் சாய்த்தது. அதற்கு முன்பே பிள்ளைகளை எல்லாம் உறவுக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கொருக்குப்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தெரு இல்லை. கல் ஏற்றிய லாரிகள்தான் வரிசையாக நின்றன. குடும்பங்கள் கிடைத்த ஹவுசிங் போர்டு வீடுகளுக்குத் திக்குக்கு ஒன்றாகப் போய்விட்டன.

அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது, ஐம்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் எங்களை எல்லாம் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தார். அதில் நான்தான் மகாராணி. அங்கன்வாடியில் வேலை செய்கிறேன், நாள் பூராவும் கதை சொல்கிற பிழைப்பு. போதாததற்கு எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். யார் வீட்டுக் கதவு நீலம், யார் வீட்டு டிவி முன்னால் ஞாயிற்றுக்கிழமை தெருவே குந்தியிருக்கும், யார் வீட்டுச் சேவல் யாரைத் துரத்தும் என்று வீடு வீடாக எழுதித் தள்ளினேன். "அக்காவுக்கு இன்னா ஞாபகம்பா!" என்று அவனவன் வாயைப் பிளந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வீட்டைப் பற்றியும் எழுதினேன். அந்த வீட்டு அம்மா அம்மியில் நண்டு மசாலா அரைத்தால், தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும் என்று. ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மையும் இதயமும் போட்டார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்த வரியாக, "கடல் வீடுங்களத்தான் கொண்டுபோச்சு. நல்லவேளை, ஒரு உசுரு கூடப் போகல" என்றும் எழுதினேன். அதற்கும் கும்பிடு பொம்மைகள் வந்து குவிந்தன.

அன்று சாயந்திரமே மூன்றாவது வீட்டு அண்ணன் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அதற்கு முன்பும் ஒரு வார்த்தை எழுதியவர் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்துத் தனியாகக் கடலுக்குப் போகிறவர், யாரிடமும் நின்று பேசமாட்டார். "அந்தாளுக்கு இன்னா கெத்து பாரு!" என்றான் தம்பி. நானும் சிரித்தேன்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். கடலுக்கு அடியில் கல்லும் சுவருமாக எது கிடந்தாலும் அங்கே மீன் வந்து அண்டும். எங்கள் தெரு இடிபாடுகளில் சங்கராவும் கொடுவாவும் குடியிருப்பதைத் தம்பி ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தான். ஆனால் மறுபடி போனால் இடம் சிக்கவில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தானே.

அதற்கு நான் உதவினேன். எங்கள் வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் அதன் பின்னால் கம்பெனிப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் ஒன்றாகத் தெரியும். தொட்டியும் புகைபோக்கியும் இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. "ரெண்டும் ஒண்ணா தெரியற எடத்துல போட்ட நிறுத்துடா, அதான் நம்ம வாசல்" என்றேன். நிறுத்தினான். கூடை கூடையாக மீன் வந்தது. நான்காவது வீட்டு வாசலில் நின்றால் புகைபோக்கி தொட்டிக்கு இடது பக்கம் எட்டிப் பார்க்கும். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னேன். எங்கள் தெரு எங்களுக்குச் சோறு போடுகிறது என்று பெருமையாகக் கூட இருந்தது.

நல்ல இடம் கிடைத்தால் கடலில் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். தம்பியும் சொல்லவில்லை. "அங்க போவாதீங்க, ஒரே கம்பி, வல கிழிஞ்சுரும்" என்று மற்றப் படகுக்காரர்களிடம் கதை கட்டிவிட்டான். எல்லோரும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள், மூன்றாவது வீட்டு அண்ணன் ஒருவரைத் தவிர. அவர் தினமும் கடலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்த இடத்தைக் கடக்கையில் இஞ்சினை அணைத்துவிடுவார். படகு சத்தமில்லாமல் மிதந்து போகும். கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுபடி இஞ்சின் உறுமும். வலையும் போடமாட்டார், தூண்டிலும் போடமாட்டார். எங்கள் இடத்தை வேவு பார்க்கிறார் என்று தம்பிக்கு எரிச்சல். ஒருநாள் நடுக்கடலிலேயே கத்திவிட்டான், "இன்னாண்ணே, டெய்லி நின்னு நோட்டம் வுட்டுகினு போற?" என்று. அவர் படகு அப்படியே மிதந்து தாண்டிப் போனது.

அந்த மே மாதக் காலையில் அங்கன்வாடிக்கு விடுமுறை. நம் தெரு இப்போது எப்படி இருக்கிறது என்று குழுவுக்கு வீடியோ அனுப்பலாம் என்றுதான் கல்மேல் போய் உட்கார்ந்தேன். தம்பியும் அவன் மச்சானும் படகில் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். வலையை இழுக்கிறார்கள், வரவில்லை. நீரோட்டம் வலையைக் கொண்டுபோய் எதிலோ மாட்டிவிட்டிருந்தது. தம்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "அக்கா, எவன் வூட்லயோ மாட்டிகிச்சு!" என்று கத்தினான். நானும் சிரித்துக்கொண்டே, "கதவத் தட்டிட்டுப் போடா!" என்று கத்தினேன். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு குதித்தான்.

வரவில்லை.

முதலில் நான் பயப்படவில்லை, தம் கட்டுவதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அவன் மச்சான் படகு விளிம்பில் குனிந்து குனிந்து பார்ப்பதும், பிறகு அவனே குதிப்பதும், உடனே மேலே வந்து இருமுவதும் தெரிந்தது. "அக்கா, காணலக்கா! ஒண்ணும் தெர்லக்கா!" என்று அழுதான். சுற்றிப் பார்த்தால் ஒரு படகு இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் வராதே என்று எல்லோரையும் விரட்டியது நாங்கள்தானே.

அப்போது வடக்கே இஞ்சின் சத்தம் கேட்டது. மூன்றாவது வீட்டு அண்ணன் கரை திரும்பிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் என் குரல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை வீசி வீசி, "அண்ணா! தம்பி உள்ள போயிட்டான், வர்லண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். திரும்பிக் கரைப்பக்கம், தொட்டி இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தார்.

நான் என்னென்னவோ சாமிகளைக் கூப்பிட்டேன். கையில் இருந்த போன் அதுபாட்டுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது.

அவர் மேலே வந்தபோது தம்பியின் தலைமுடி அவர் கையில் இருந்தது. அவன் முகம் நீலம் பாரித்திருந்தது, காலில் அறுத்த வலை சுற்றிக் கிடந்தது. படகில் கிடத்தி வயிற்றையும் மார்பையும் அழுத்தினார்கள். கரைக்குக் கொண்டுவரும்போது லேசாக மூச்சு இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வான் என்றார்.

வெளியே பெஞ்சில் அந்த அண்ணன் ஈரக் கைலியோடு உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்த கம்பி கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம். நான் அவர் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார். அழுதுகொண்டே, "ஒரே முங்குல எப்டிண்ணா எடம் கரெக்டா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எங்க வூடாச்சேம்மா" என்றார். ரத்தக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா அங்கதான கீது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

"நீங்கல்லாம் போனப்பறம் ஒருநாளு, அம்மிய எடுத்தாரேன்னு திரும்பிப் போச்சு. பாதி செவுரு நின்னுகினு இருந்துது. அது வுழுந்துச்சு. அல இட்டுகினு பூட்ச்சு. பாடி கெடைக்கல." யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார். "தலவலிக்காரி அது. சத்தம் ஆவாது. அதான் அந்தாண்ட வரும்போது மிஷின ஆஃப் பண்ணிருவேன்."

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இத்தினி வருசமா உள்ள போனதில்ல. மனசு வர்ல. இன்னிக்குதான் போனேன். ஒன் தம்பி கால அறுத்து வுடும்போது, பக்கத்துல அம்மி கீதான்னு ஒரு தபா தேடலாமான்னு தோணுச்சு. அவன் காலு ஆடறது நின்னுச்சு. இட்டுகினு வந்துட்டேன்."

கையில் கட்டுப் போடக்கூட நிற்காமல் எழுந்து போய்விட்டார்.

ராத்திரிச் சமையலின்போது அம்மாவிடம் கேட்டேன். "மூணாவது வூட்டம்மா எப்டிம்மா செத்துச்சு?" அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார், "தெரியாத மாரி கேக்குற. அத்த வூட்டுக்கு வந்து சொன்னேனே. நீ டிவி பாத்துகினு 'ஊம்'னு கேட்ட."

நீலக் கதவு ஞாபகம் இருந்தது. சேவல் ஞாபகம் இருந்தது. அந்த அம்மா அரைத்த மசாலாவின் வாசனை வரைக்கும் ஞாபகம் இருந்தது. அவர் செத்தது ஞாபகம் இல்லை. எந்த அம்மியைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தேனோ, அதை எடுக்கப் போய்த்தான் உயிரை விட்டிருக்கிறார். அவர் மகன் இருந்த குழுவிலேயே ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று எழுதி, கும்பிடு பொம்மைகளும் வாங்கினேன். அவர் தலைக்கு மேல் வலை போட்டுப் பிடித்த மீனை விற்றோம், குழம்பு வைத்துத் தின்றோம்.

போனில் இருந்த வீடியோவை யாருக்கும் காட்டவில்லை. குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். யாரும் பொம்மை எதுவும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவர், "எனக்கும் அப்ப சொன்னாங்க. மறந்தே போச்சு" என்று எழுதினார். இன்னும் இரண்டு பேர் அதையே எழுதினார்கள்.

தம்பி பிழைத்தான். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தண்ணீரில் இறங்க நடுங்குகிறான். படகை இப்போது மச்சான்தான் ஓட்டுகிறான். தொட்டியும் புகைபோக்கியும் சேரும் இடத்துக்கு முன்னாலேயே அவனும் இஞ்சினை அணைத்துவிடுகிறான். மீன் இறக்குகிற இடத்தில் அந்த அண்ணனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா. சின்னப் புள்ள நீ அப்போ" என்றார். அப்போது நான் சின்னப் பிள்ளைதான். குழுவில் அந்த வரியை எழுதியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இப்போதும் யாராவது, "அக்கா, நம்ம தெருவப் பத்திச் சொல்லேன்" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்பதில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா இருந்தார், அவருக்குச் சத்தம் ஆகாது என்றுதான் ஆரம்பிக்கிறேன்.