எண்ணாமல் விட்ட சந்தை நாள்

அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. நல்ல கோடை. எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், திருச்சியில் சாலை வேலைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக உத்தியோகம்.

வையம்பட்டிப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. பழைய வழியிலேயே ஒரு சின்ன ஊருக்குள் புகுந்து போவதா, ஊரை ஒதுக்கிவிட்டு நேராக இழுப்பதா என்று முடிவாகவில்லை. ஊர் முனையில் மூன்று நாள் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாவற்றையும் எண்ணி வரும்படி என்னை அனுப்பினார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஒரு வண்டிக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. அவ்வளவுதான் வேலை.

அந்த முனையில் கீற்றுக் கொட்டகை போட்டு ஓர் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து அவரே ஒரு முக்காலியைக் கொட்டகை நிழலில் போட்டுக் கொடுத்தார்.

“எதுக்கு தம்பி வண்டிய எண்ணுறீங்க?”

“வண்டி நிறைய வந்துச்சுன்னா ரோடு உங்க ஊர் வழியாவே வரும்க்கா.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். “அப்படின்னா நாளன்னிக்கு வரைக்கும் இருப்பீங்கள்ல? அன்னிக்குத்தான் சந்தை. உச்சிக்கு மேல பாருங்க, சுத்துப்பட்டு வண்டி பூரா இங்கதான் வரும். கோடு போட்டு உங்களுக்கு மாளாது.”

இரண்டு நாளும் ஒழுங்காகத்தான் எண்ணினேன். மூன்றாம் நாள்தான் சந்தை. அன்றைக்குத்தான் மலைக்கோட்டைப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் புதுப்படம். மதியக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி வைப்பதாக நண்பன் முன்பே சொல்லியிருந்தான். விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்குத் திருச்சி பஸ் வந்து நின்றது. அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தார். சொல்லிக்கொள்ளாமல் ஏறிவிட்டேன்.

மீதி நேரத்துக்கான கோடுகளைப் பஸ்ஸில் உட்கார்ந்தே போட்டேன். முந்தின நாள் கணக்கைப் பார்த்து, இங்கே ரெண்டு கூட்டி, அங்கே ஒன்று குறைத்து. பஸ் குலுங்கியதில் கோடுகள் கோணல்மாணலாக விழுந்தன. முனையில் உட்கார்ந்து அவசரத்தில் போட்டவை போலவே இருந்தன. அதில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் மேலதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அங்க சந்தை கிந்தை ஏதும் உண்டாப்பா?” என்று கேட்டார்.

“பெரிசா ஒண்ணும் இல்லைங்க சார்” என்றேன்.

அடுத்த வருஷமே எனக்கு வேலை நிரந்தரமானது. சாலை ஊரை விட்டு ஒன்றரை மைல் தள்ளி நேராகப் போனது. பொறியாளர்கள் எத்தனையோ காரணம் பார்த்திருப்பார்கள். என் தாளை வைத்துத்தான் முடிவெடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது நான் கேட்கவும் இல்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு காலை, காந்தி மார்க்கெட்டில் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். தரையில் சாக்கு விரித்து எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே பார்த்தார்.

“தம்பி, நீங்க எங்க ஊருல வண்டி எண்ணுனவருதானே?”

அதே அக்கா. ஆள் பாதியாக இளைத்திருந்தார். பஸ்ஸும் லாரியும் புது ரோட்டோடு போய்விட்டனவாம். வியாபாரிகள் சரக்கு ஏற்ற வசதியாக அந்த ரோட்டோரமே நின்று வாங்க ஆரம்பித்தார்களாம். சந்தை கொஞ்சம் கொஞ்சமாக அங்கே நகர்ந்துவிட்டது. முனையில் இட்லி தின்ன ஆளில்லை. விடியற்காலை எழுந்து, ஒன்றரை மைல் நடந்து வந்து பஸ் பிடித்து, தினமும் இங்கே வருகிறார். குரலில் கோபமே இல்லை.

“நீங்களும் வெயில்ல உக்காந்து எண்ணிட்டுத்தான் போனீங்க. எண்ணிப் பாத்தா நாங்க கொஞ்சப் பேருதான் போலிருக்கு” என்றார்.

 பிறகு தொடர்ந்தார்: “சந்தையன்னிக்கு உங்களுக்கு மோர் கொண்டாந்தேன். ஆளக் காணோம். உடம்புக்கு முடியாமப் போயிட்டீங்களோன்னு சாயங்காலம் வரைக்கும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் நான், “ஆமாங்க்கா, காய்ச்சல்” என்றேன்.

“அதான பாத்தேன்” என்று சொல்லி, என் பையில் நாலு பழத்தைப் போட்டார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

 அடுத்த வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். அவர் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே வாழைத்தார் அடுக்கியிருந்த கடையின் மறைவில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்படியே திரும்பி, ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மார்க்கெட்டுக்கு வீட்டிலிருந்து வேறு யாரையாவதுதான் அனுப்பினேன்.

ஒரு ஊர் தழைப்பதும் தேய்வதும் அது இருக்கிற இடத்தையும் போகிற வழியையும் பொறுத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வழியைத் தீர்மானிக்கும் காகிதத்தில் ஒரு நாள் பொய்யெழுதியவன் நான் என்பதையும், அந்த ஊர்க்காரர்கள் தங்களையே குறைவாக எண்ணிக்கொள்ளும்படி விட்டுவிட்டு வந்தவன் என்பதையும் இந்த வயதிலும் என்னால் எனக்குள் சுலபமாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.