கப்டன் தப்பிய ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் அந்த ஆங்கில நடிகர் இறந்துபோனார். டேனிஷ் பத்திரிகையில் அவருக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். லண்டன் நாடக மேடையில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வசனமில்லாமல் நின்ற காலம், பிறகு ராசா வேடங்கள், பிறகு தொலைக்காட்சி, சினிமா, கடைசியில் மகாராணி கையால் பட்டம் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் அவர் அதற்கு முன்பே பல தடவை செத்தவர். அதில் ஒரு சாவை மட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்கில், வைலே என்ற ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு சுயிங்கம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர் கதவைத் திறந்தால் அவருக்கு முன்னால் மின்ட் வாசம் வீட்டுக்குள் வரும். தொலைக்காட்சியில் அப்போது ஒரே ஒரு அலைவரிசைதான். அதிலும் அரைவாசி நேரம் யாராவது மேசையைச் சுற்றியிருந்து டேனிஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு மாலையில் மட்டும் ஆங்கிலத் தொடர் வரும். டேன்காரர் வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை, கீழே எழுத்து ஓடும். கொழும்பில் கந்தோர் வேலை பார்த்த அப்பாவுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த எனக்குக் கீழே ஓடிய டேனிஷ் ஓரளவு பிடிபடும். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் அப்பா இருந்தார்.

அந்த நடிகரை முதலில் கப்பல் கப்டனாகப் பார்த்தோம். அதோடு அவருக்கு எங்கள் வீட்டில் கப்டன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த தொடரில் கிராமத்துப் பாதிரியாராக வந்தார்.

"என்ன, கப்பல் வேலை பறிபோட்டுதோ?" என்றார் அம்மா.

பிறகு சமையல்காரன் நஞ்சு வைத்துக் கொல்லும் பிரபுவாக வந்தார். கோயில் வேலையிலேயே இருந்திருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்காது என்று அம்மா கவலைப்பட்டார். நடிப்பு என்று தெரியாதவர் அல்ல அவர். கந்தோரில் கதிரை போட்டு இருந்த கணவன் சுயிங்கம் பெட்டி அடுக்குவதைப் பார்த்தவருக்கு, ஒரு மனிதன் அடிக்கடி தொழில் மாறுவது புதினமாகப் படவில்லை, அவ்வளவுதான். அப்பா கப்டனை மதித்ததற்கு வேறு காரணம். "மேடையில வளந்த ஆள். ஒரு சொல்லை விழுங்கமாட்டார்" என்பார். மொழிபெயர்ப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

அப்பாவின் மொழிபெயர்ப்பில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. பிழை பிடிக்கலாம் என்று நான் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஏமாந்ததுதான் மிச்சம். பிரபு நஞ்சு குடித்து விழுந்தபோது, வடையை மென்றுகொண்டே "செத்திட்டார்" என்றார், முடிந்தது. வீட்டுக்கு வெளியிலும் அப்படித்தான். அதற்கு முந்திய வருடம் அம்மாவின் வயிற்றில் இருந்த பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்று டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னபோது, அதையும் அப்பா அந்த இடத்திலேயே, அதே குரலில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று அம்மா பிறகு கேட்டார்.

"அவர் சொன்னதை மறைக்க நான் ஆர்?" என்றார் அப்பா. அம்மா அதை நெடுநாள் மன்னிக்கவில்லை.

இப்போது அம்மா மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. இந்தத் தடவை ஓய்வு வேண்டும், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதிர்ச்சி ஊரிலிருந்து எந்த நாளும் வரலாம் என்றுதான் இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, என் சின்னமாமா, பஸ்ஸில் போனபோது ஆமி இறக்கிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி, தபால்காரன் வரும் நேரத்துக்கு அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துக் கப்டனும் பிடிபட்டார். புதிய தொடரில் அவர் போரில் எதிரியிடம் அகப்பட்ட அதிகாரி. இங்கிலாந்தில் மனைவி காத்திருந்தாள். அம்மா பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான்.

"விட்டிட்டாங்களே?"

"இன்னும் இல்லை."

கடைசிப் பகுதிக்கு முதல்நாள், ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இருந்த அப்பாவின் சிநேகிதர், எனக்கு ஹ்விடோவ்ரே அங்கிள், ரயிலேறி வந்தார். கொழும்பிலிருந்து தொலைபேசி வருவது அவர் வீட்டுக்குத்தான். வந்தால் எனக்கு இனிப்புத் தருபவர், அன்று ஜாக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை. அப்பாவோடு பல்கனியில் நின்றார். போட்ட தேத்தண்ணி ஆடை படர்ந்து மேசையிலேயே கிடந்தது. எனக்கு இனிப்பு கிடைக்காத கோபம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் மாலை மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் அதிகாரி கப்டனின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏதோ சொன்னார். அந்தப் பெண் படியிலேயே சரிந்து இருந்துவிட்டாள். கீழே எழுத்து ஓடியது. இறந்துவிட்டார் என்பதற்கு டேனிஷில் மூன்றே எழுத்து. அது எனக்கே தெரியும்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"தப்பீட்டாராம்" என்றார் அப்பா. "மதிலால குதிச்சு, போட்டில ஏறீட்டாராம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார்."

"பிறகேன் அவ அழுகிறா?"

"சந்தோசத்தில."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை வந்து என் முழங்காலை அழுத்தியது. அதற்குள் திரையில் பெட்டியைச் சுமந்துகொண்டு போனார்கள், மழை பெய்தது, பாதிரியார் வேதப்புத்தகத்தைத் திறந்தார்.

"அப்ப உந்தப் பெட்டிக்குள்ள ஆர்?"

"அது வேற ஆள்."

அம்மா அதற்குப் பிறகு திரையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். மனைவி தன்னையே பார்க்கிறாள் என்று தெரிந்தும் அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லது. தப்பினால் காணும்" என்றார் அம்மா. என் தோளைப் பிடித்து எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் திறந்தபடி ஓடியது.

அப்பா அவ்வளவு பெரிய பிழை விட்டதை என்னால் சீரணிக்க முடியவில்லை. ஆனால் சில வாரத்தில் கப்டன் வெள்ளைப் பொய்மயிர் வைத்த நீதிபதியாக, சிரிப்புத் தொடர் ஒன்றில் வந்து நின்றார். நான் துள்ளிக் குதித்தேன்.

"அம்மா! கப்டன் உயிரோட இருக்கிறார்!"

"ஓம் பிள்ளை" என்று அம்மா என் தலையைத் தடவினார். "அப்பா சொன்னவர் தானே."

இளவேனிலில் தம்பி பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ்ஸில் வழி முழுக்க அவருடைய உதடுகள் அசைந்தபடி இருந்தன, எதையோ பாடமாக்குவதுபோல. கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினார். அவர் தொடங்குவதற்குள் அம்மா பேசினார்.

"இஞ்சேருங்கோ, இவனுக்கு என்ர தம்பியின்ர பேரை வைப்பம்."

அப்பா கதிரையில் இருந்தார். தன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பயப்படவில்லை. சந்தோசத்திலும் அழுவார்கள் என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

எங்கள் சொந்தத்தில் உயிரோடு இருக்கிறவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு சொல்லைக் கூட மறைக்காத மனிதன் பெட்டியைப் பார்த்த பின்பும் தப்பிவிட்டார் என்று சொன்னபோதே தன் தம்பி இல்லை என்று விளங்கிவிட்டதாக அம்மா எனக்குச் சொன்னது, நான் கல்யாணம் செய்த பிறகுதான். அன்று எனக்கிருந்த பிரச்சினை வேறு.

"சின்னமாமா வந்தால் ரெண்டு பேரையும் எப்பிடிக் கூப்பிடுறது?" என்று கேட்டேன்.

"நீ யோசிக்காதை. கூப்பிட்டால் இவன் வருவான்" என்றார் அம்மா.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், பெரியவர், சின்னவர் என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். எது நல்லாயிருக்கு என்று அப்பாவைக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, இரண்டும் நல்லாயிருக்கு என்றார்.