மைனஸ் நூற்று முப்பத்தாறு கோடி

அலுவலகத்தில் எல்லோரும் அவரை லைப்ரரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புத்தகத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பல மென்பொருள்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்ன வேலைகளை ஒரே இடத்தில் எழுதிவைத்து, வேண்டியவர்கள் அழைத்துக்கொள்ளும்படி செய்வார்கள். அந்தத் தொகுப்புக்கு அந்தத் தொழிலில் லைப்ரரி என்று பெயர். அதிலுள்ள ஒவ்வொரு வேலையும் ஒரு ஃபங்ஷன். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொகுப்பைக் கட்டிக் காப்பது அக்காவின் பிழைப்பு.

கல்யாணமான புதிதில் இதை மாமியாருக்கு ஒருமுறை விளக்கிப் பார்த்தார். மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், "மருமக லைப்ரரியில இருக்கா. ஆனா வீட்டுக்கு ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வரமாட்டா. அவ்வளவு நேர்மை" என்று சொல்லிவிட்டார். தானாக வந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அக்காவும் விட்டுவிட்டார்.

அவர் வேலை பார்த்த கம்பெனி பதிவுப் பெட்டிகள் செய்தது. எக்ஸ்ரே படம், ஒலி, கேமராக் காட்சி என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சேமித்துவைக்கும் பெட்டி. உள்ளே போடும் டிஸ்க்கை வாடிக்கையாளரே கடையில் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். செருகியதும் பெட்டி கேட்கும் முதல் கேள்வி, இதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஃபங்ஷன் அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதியது. கம்பெனியின் நாற்பத்து மூன்று மென்பொருள்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

எழுதிய காலத்தில் அதில் அவருக்குப் பெருமை இருந்தது. அப்போது எல்லோரும் இடத்தை பைட் பைட்டாக எண்ணினார்கள். விடையை வைக்கக் கிடைத்த அறையோ நான்கு பைட் அகலம். பைட்டாக எண்ணினால் இரண்டு ஜிகாபைட்டிலேயே அறை நிரம்பிவிடும். அக்கா கிலோபைட்டாக எண்ணினார். ஒரே வரி மாற்றத்தில் ஆயிரம் மடங்கு இடம் கிடைத்தது. கைதட்டல்கூட விழுந்தது. அந்த மிதப்பில் ஃபங்ஷனுக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டுவைத்தார்: "இரண்டு டெராபைட் வரை தாங்கும். இதற்கு மேல் எந்த மனிதனுக்கும் தேவைப்படாது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் மருத்துவமனை ஒன்றிலிருந்து போன் வந்தது. எக்ஸ்ரே பிரிவில் இருந்த நர்ஸ் பேசினார்.

"புது டிஸ்க் போட்டோம். மூணு டெராபைட். இடம் எவ்வளவுன்னு பார்த்தா மைனஸ் காட்டுது."

"மைனஸா? எவ்வளவு மைனஸ்?"

"மைனஸ் நூத்தி முப்பத்தாறு கோடி, அதுக்கு மேல சில்லறை. அப்படின்னா நாங்கதான் டிஸ்குக்கு இடம் குடுக்கணுமா?"

அக்காவுக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. வண்டியின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகளாக நிரம்பியதும் சுழன்று பூஜ்யத்துக்குப் போகுமில்லையா, அதுபோல அவருடைய நான்கு பைட் அறையும் நிரம்பிச் சுழன்று, பூஜ்யத்துக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. பழைய டிஸ்க்கையே இப்போதைக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மதியம் கூட்டம் போட்டார்கள். மேலாளர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர். ஆனால் சுவரில் எதைக் காட்டினாலும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர். திரையில் ஃபங்ஷனைத் திறந்ததும், "இதற்கு மேல் எந்த மனிதனுக்கும் தேவைப்படாது" என்று கணீரென்று வாசித்தார். பெயரையும் வாசித்தார். தேதியையும் விடவில்லை. அறையில் இருந்த எட்டுப் பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு" என்றார் அக்கா.

"பரவாயில்லக்கா. அந்த நாலு பைட்டை எட்டு பைட்டா ஆக்கிடுங்க. ஒரு வார்த்தைதானே மாத்தணும்."

"ஒரு வார்த்தைதான் சார். கேக்கறவங்க நாப்பத்து மூணு பேர். அவங்க எல்லாம் நாலு பைட் பாத்திரத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் எட்டு பைட் ஊத்துனா மீதி எங்க போகும்?"

"போட்டுத்தான் பார்ப்போமே" என்றார் மேலாளர்.

போட்டுப் பார்த்தார்கள். கூடத்தின் நடுவே சோதனைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் மூன்று டெராபைட் டிஸ்க்கைச் செருகி, திருத்திய ஃபங்ஷனை ஏற்றியதும் பெட்டியின் விசிறி ஊளையிட ஆரம்பித்தது. மேஜையில் இருந்த காகிதங்கள் பறந்தன. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, ஏதாவது கிளம்பப் போகிறதா என்று கேட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் காது கேட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையை அக்கா அரை மணியில் துப்புத் துலக்கினார். அளவுக்கான அறையை ஒட்டி அடுத்த அறையில் வேறொரு எண் குடியிருந்தது. எத்தனை டிகிரி சூடானால் விசிறி வேகமெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. வழிந்த நான்கு பைட்டும் அதன்மேல் விழுந்து அதைப் பூஜ்யமாக்கியிருந்தன. பூஜ்யத்துக்கு மேல் எல்லாமே சூடு என்று விசிறி நம்பிவிட்டது. பாவம், அதன் மேல் தப்பில்லை.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றார் மேலாளர், தலைமுடியைச் சரிசெய்தபடி. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மாற்றம் பற்றி அவர் பேசவில்லை.

அக்கா இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்தார். புது ஃபங்ஷன் ஒன்று எழுதுவது, அது எட்டு பைட்டில் பேசும். ஆனால் பேசும் முன் கேட்பவரிடம், உன் பாத்திரம் எவ்வளவு பெரிது என்று கேட்கும். சின்னதென்றால் ஊற்றாது, மாட்டேன் என்று சொல்லிவிடும். இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பெயர் வைப்பதில்தான் ஒரு நாள் போயிற்று. மேலாளர் "புது அளவு" என்று வைக்கச் சொன்னார்.

"மருமகளுக்குப் புது மருமகள்னே பேரு வச்சா, அடுத்தவ வந்தா என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று அக்கா கேட்டார். கடைசியில் "பைட்டில் அளவு" என்று முடிவாயிற்று. வேலையைச் சொல்லும் பெயர், வயதைச் சொல்லாத பெயர்.

பழைய ஃபங்ஷனை எடுத்துவிட முடியாது. நாற்பத்து மூன்றில் பாதியைத் திறக்கவே ஆளில்லை. எழுதியவர்கள் வேறு ஊர்களில் வேறு வேலைகளில் இருந்தார்கள். அதனால் அக்கா ஒரு சமரசம் செய்தார். டிஸ்க் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பழைய ஃபங்ஷன் மைனஸுக்குப் போகாமல் இரண்டு டெராபைட் என்று சொல்லி நின்றுவிட வேண்டும்.

"அது பொய்யில்லையாக்கா?"

"குறைச்சு சொல்ற பொய்யால யாருக்கு என்ன நஷ்டம் சார்? கூட்டிச் சொன்னாத்தான் வம்பு."

அந்த வாக்கியத்துக்கு ஆயுள் மூன்று நாள். வெள்ளிக்கிழமை ஒரு போன் வந்தது. சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் ஒலிக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் பேசினார். புகார் எதுவும் இல்லை, ஒரு சந்தேகம்தான் என்றார்.

"ஒண்ணரை வருஷம் முன்னாடி அஞ்சு டெராபைட் டிஸ்க் வாங்கினேன் மேடம். உங்க பெட்டி அறுநூத்தி ரெண்டு ஜிகாபைட்தான்னு சொல்லுச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு போய்ச் சண்டை போட்டேன். மாத்திக் குடுத்தான். அதுவும் அறுநூத்தி ரெண்டு. ஊர்ல எல்லாக் கடையும் ஒண்ணா சேர்ந்து ஏமாத்துறாங்களோன்னு இப்ப யோசிக்கிறேன்."

அக்கா காகிதத்தில் கணக்குப் போட்டார். ஐந்து டெராபைட் என்றால் எண் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பூஜ்யத்தைத் தாண்டி மறுபடி மேலே ஏறி, சரியாக அறுநூற்று இரண்டில் நிற்கும். மைனஸ் காட்டியிருந்தாலாவது அன்றைக்கே போன் செய்திருப்பார். இது பொருத்தமான பொய். பொருத்தமாகச் சொன்னதால் ஒன்றரை வருஷம் நிலைத்துவிட்டது.

"இடம் நிரம்பினதும் என்ன பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்றது, பழசை அழிச்சேன். ஒவ்வொண்ணையும் முழுசா கேட்டுட்டுத்தான் அழிச்சேன். அரசியல் பேச்சு நூத்திப் பத்து மணி நேரம் போச்சு, அதுல எனக்கு வருத்தமில்ல. தவளைச் சத்தம் பதினோரு மணி நேரம். அதை அழிச்ச அன்னைக்கு மட்டும் சாப்பாடு இறங்கல."

அக்கா போனை வைத்தார். பிறகு மேலாளரிடம் போய், "குறைச்சு சொன்னாலும் நஷ்டம் உண்டு சார். ஒரு குளத்துத் தவளை மொத்தமும் போயிருக்கு" என்றார். மேலாளர் பாதி புரிந்து தலையாட்டினார்.

சமரசம் திருத்தப்பட்டது. பழைய ஃபங்ஷன் இரண்டு டெராபைட்டில் நிற்கும், ஆனால் சும்மா நிற்காது. "குறைந்தது இவ்வளவு, இதற்கு மேலும் உண்டு" என்று பெட்டியின் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நிற்கும். அந்த ஒரு வரிக்காக நாற்பத்து மூன்று மென்பொருள்களையும் சோதிக்க ஐந்து வாரம் ஆயிற்று. நர்ஸுக்கு முதலில் அனுப்பினார்கள். மைனஸ் போய்விட்டது என்று அவர் ஒரு வரியில் பதில் போட்டார்.

அருங்காட்சியகப் பெட்டியைப் புது ஃபங்ஷனுக்கு மாற்றிக் கொடுக்க அக்காவே போனார். போக வேண்டிய அவசியமில்லை, மனசு கேட்கவில்லை. காப்பகக்காரர் அறுபதை நெருங்கியவர், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருந்தார். தவளையின் மூல டேப் இன்னும் அலமாரியில் இருந்தது. அதைத் தூக்கிப்போட மட்டும் அவருக்குக் கை வரவில்லையாம். ஆனால் டேப்பிலிருந்து பெட்டிக்கு மாற்ற வேண்டுமென்றால் ஓடுகிற நேரம் முழுக்க ஓடித்தான் ஆகவேண்டும். டேப்பும் பழசு, சிக்கிக்கொண்டால் நிறுத்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்கா இரண்டு சனிக்கிழமை பகலில் போய் உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் எல்லாத் தவளையும் ஒன்றுபோல் கேட்டது. மூன்றாவது மணியில் குரல் பிரிய ஆரம்பித்தது. ஒன்று மட்டும் எப்போதும் மற்றவை நிறுத்திய பிறகு தனியாக ஒருமுறை கத்தி முடித்தது.

"அது அப்படித்தான். கூட்டம் முடிஞ்சப்புறம் கை தூக்குற ஆளு" என்றார் காப்பகக்காரர்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். டேப் ஒருமுறை சிக்கியது, அக்காதான் பார்த்து நிறுத்தினார்.

வீட்டில் கணவர் கேட்டார். "ரெண்டு வாரமா சனிக்கிழமை எங்க போற?"

"தவளைச் சத்தம் கேக்கப் போறேன்."

அவர் கேட்டதை அப்படியே தன் தாயாரிடம் சொன்னார். மாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, "லைப்ரரியில சத்தம் போடக் கூடாதே" என்றார்.

ஒரு மாதம் கழித்துக் காப்பகக்காரர் மறுபடி போன் செய்தார். குரல் சோர்ந்திருந்தது.

"மேடம், பெட்டி இப்ப அஞ்சு டெராபைட்டும் சரியா காட்டுது. அதை எங்க இயக்குநர் பார்த்துட்டார். மாடியில இருந்த மூணு அலமாரி டேப்பை என் அறைக்கு இறக்கிட்டாங்க. நாற்காலி போட இடமில்ல. பழையபடி அறுநூத்தி ரெண்டு காட்ட ஏதாவது வழி இருக்கா?"

"இல்லைங்க."

"சும்மா கேட்டேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

வந்த போன் எல்லாவற்றையும் புகார்ப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. அக்கா விதியை மீறாதவர். "இடம் அதிகமாகிவிட்டதென்று வாடிக்கையாளர் வருந்துகிறார்" என்று ஏற்றினார். மறுநாள் காலை மேலாளர் அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்தார். பிறகு "நம்மால் தீர்க்க முடியாது" என்று குறித்து மூடிவிட்டார்.