என் தங்கச்சி நிக்கிற இடம்

என் தங்கச்சியைப் பத்தி யாரைக் கேட்டாலும் நல்லதாத்தான் சொல்வாங்க. எனக்குப் பாதி எரிச்சல் அதுலதான். "தங்கமான பொண்ணு"ம்பாங்க. "இருக்கற இடமே தெரியாது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது"ம்பாங்க. உங்களுக்குத் தெரியாது. எனக்கு நல்லாத் தெரியும். அவ செருப்பை வாசல்ல கழட்டும்போதே தெரியும்.

அவ போட்டோகிராஃபர். எந்தக் கம்பெனியிலயும் வேலை கிடையாது, கூப்பிட்ட இடத்துக்குப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவா. காலையில ஒரு கடைக்காக நாற்காலி மேஜையெல்லாம் படம் பிடிப்பா. சாயங்காலம் ஆனா எங்க பொதுக் கூடத்துல இருப்பா. எங்க குடியிருப்புக்குப் பின்னாடி இருக்கற பெரிய ஹால் அது. ஒரு நாள் பாட்டுக் குழு, ஒரு நாள் ஓவிய வகுப்பு, ஒரு நாள் பொம்மலாட்டம்னு ஏதாவது நடந்துக்கிட்டே இருக்கும். உள்ள போனா பெயின்ட் வாசனையும் தரை துடைக்கற மருந்து வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின பிளாஸ்டிக் நாற்காலியில எப்பவும் ஒண்ணு கால் உடைஞ்சிருக்கும், அது எப்பவும் எனக்குத்தான் வந்து சேரும்.

அந்த ஹாலுக்கு அவளைக் கூட்டிட்டுப் போனதே நான்தான். இதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை, அதனால இங்கே சொல்லிடறேன். நாடகக் குழுவுல ஆரம்பத்துலேர்ந்து கதாநாயகி நான். பகல்ல மருந்துக் கடையில நின்னுக்கிட்டு ஊர்ல இருக்கற இருமலையெல்லாம் கேட்பேன். சாயங்காலம் மேடையில ஏறினாத்தான் எனக்கு மூச்சே வரும். பழைய போட்டோக்காரர் வீடு மாத்திக்கிட்டுப் போனப்போ, "என் தங்கச்சிகிட்ட ஒரு கேமரா இருக்கு, சும்மாத்தான் சுத்திக்கிட்டு இருக்கா, வரச் சொல்லவா?"ன்னு வாயை விட்டது நான். வாயை விட்டேனே, அதுக்கு இன்னும் அனுபவிக்கறேன்.

வந்த புதுசுல அவ கேமராவைப் பையிலிருந்து வெளியவே எடுக்கல. ஒத்திகை நடக்கும்போது ஓரமா உக்காந்து துணிமணிக்குப் பொத்தான் தைச்சுக் குடுத்தா. டீ போட்டா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "படம் எடுக்க வந்தியா, தையக்கடை வைக்க வந்தியா?"ன்னு கேட்டேன். அவ ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொன்னா:

"என்னை இவங்க மறக்கணும் அக்கா. மறந்தாத்தான் படம்."

அதான் அவ தொழில். கருப்புச் சட்டை, சத்தம் போடாத ரப்பர் செருப்பு. கேமராவுல மினுக்குன்னு எரியுற சின்ன விளக்கு மேலகூட கருப்பு டேப் ஒட்டி வெச்சிருப்பா. ஃபிளாஷே கிடையாது. மேடைக்கு இடப்பக்கம் ஒரு பக்கக் கதவு இருக்கு, அது வழியா பூனை மாதிரி வருவா. "கொஞ்சம் சிரிங்க"ன்னு ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை. எல்லாரும் அவளை மறந்துபோய் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டும், வசனம் மறந்து முழிச்சுக்கிட்டும் இருப்பாங்க. படம் வந்ததும் பாத்தா, அட, நம்மளா இதுன்னு அவங்களே அசந்து போவாங்க.

அப்புறம் என்ன, தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஹாலுக்குள்ள நுழைஞ்சா, "வாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "தங்கச்சி வரலையா?"ன்னு என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பார்ப்பாங்க. கதாநாயகி வந்திருக்கேன், என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கறாங்க! எங்க அம்மா போன் பண்ணாலும் அதே கதைதான். "நீ நடிச்சதை அவ எடுத்திருந்தாளே, அந்தத் திரைச்சீலை கலர் எவ்வளவு அழகா வந்திருக்கு!" திரைச்சீலை. பெத்த தாய் சொல்ற பேச்சா இது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். போஸ்டர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியல.

ஒவ்வொரு நாடகத்துக்கும் ஹால் வாசல்ல ஒரு பெரிய போஸ்டர் வைப்பாங்க. எந்தப் படம்ங்கறது என் தங்கச்சி முடிவு. முதல் வருஷம் திரையை இழுக்கறவர் கை. வெறும் கை! அடுத்த வருஷம் மேடையில மடக்கி வெச்ச குடை. அதுக்கு அடுத்து வந்தது முணுமுணு அக்கா. அவங்க நடிக்கறவங்களே இல்ல, திரைக்குப் பின்னாடி உக்காந்து, வசனம் மறந்தவங்களுக்கு முணுமுணுன்னு எடுத்துக் குடுக்கறவங்க. அவங்க வாயில விரலை வெச்சுக்கிட்டு மேடையைப் பார்க்கற மாதிரி ஒரு படம். எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. நல்ல படம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த நாடகத்துல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மேடையை விட்டு இறங்காம தொண்டை கிழியக் கத்தினவ நான். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

இந்த வருஷம் பெரிய வாய்ப்பு வந்தது. நகரத்துல இருக்கற பெரிய அரங்கத்துல எங்க குழு நாடகம் போடலாம்னு அழைப்பு. அரங்கத்து வாசல்ல ஆள் உயரத்துக்கு மேல போஸ்டர் வைப்பாங்களாம். எங்க இயக்குநரை நாங்க வாத்தியார்னு கூப்பிடுவோம், ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுத்தவர். அவர் சொன்னார்: "நாடகம் நடிகையோடது. போஸ்டர் உங்க தங்கச்சியோடது. அதுல நான் தலையிட மாட்டேன்."

எனக்கு அந்த போஸ்டர் வேணும். சுத்தி வளைக்காம சொல்றேன். இன்னொரு தடவை பெரிய அரங்கம் கூப்பிடப் போறதில்லை, எனக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. ஒரு தடவையாவது தெருவுல போறவங்க நின்னு என் மூஞ்சியைப் பார்க்கணும். இந்தத் தடவையும் குடையும் கையும் வந்துச்சுன்னா, அவ வேணும்னேதான் பண்றான்னு அர்த்தம். அதோட அவ சங்காத்தமே வேணாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மதியம் நேரா அவ வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, அதுல கட்டிலை விடக் கம்ப்யூட்டர் மேஜை பெருசு. டீ வேணுமான்னு கேட்டா. வேணாம்னேன்.

"உனக்கு என் மேல என்னடி கோபம்?"

"எனக்கா? கோபம் எப்பவும் உனக்குத்தானே வரும்."

"குடையைப் போடற, கையைப் போடற. கூடப் பொறந்தவ கண்ணுக்குத் தெரியலையா? நான் நல்லாயிருக்கேன்னு நாலு பேர் சொல்லிடுவாங்கன்னு உனக்குப் பொறாமை."

அவ சிரிச்சா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்தா. என் பேர்லயே ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தா. உள்ள நான், நான், நானேதான். எல்லா நாடகத்துலயும் எடுத்த படம். ஒரு படத்து மேல விரலை வெச்சேன்.

"நல்லாத்தானே இருக்கு? இதுல ஒண்ணு போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"கண்ணைப் பாரு அக்கா."

பாத்தேன். முதல் படத்துல மேடையில அழுதுக்கிட்டு இருக்கேன், கண்ணு நேரா லென்ஸைப் பார்க்குது. அடுத்ததுல சண்டை போடறேன், வாய் எதிராளியைத் திட்டுது, கண்ணு லென்ஸ் மேல. செத்துக் கிடக்கற காட்சியில, ஐயோ கடவுளே, அரைக்கண் திறந்து லென்ஸைப் பார்க்கறேன்.

"நாடகப் படத்துல யாராவது லென்ஸைப் பார்த்துட்டா படம் போச்சு. கதை கலைஞ்சிடும். மத்த எல்லாரும் என்னை மறந்துடறாங்க. நீ மட்டும் மறக்கவே மாட்டேங்கற." அவ ஒவ்வொண்ணா காட்டினா. "இது மாடியிலேர்ந்து எடுத்தது. இது திரை இடுக்குல. இங்க விளக்கு வைக்கற ஏணி மேல இருந்தேன், சுத்தி கும்மிருட்டு. எப்படித்தான் கண்டுபிடிக்கறயோ தெரியல. உன்னை எடுக்கணும்னு நான் எலி மாதிரி ஒளிஞ்சு பார்த்துட்டேன்."

அதுக்காகத் தோத்துட முடியுமா?

"அப்ப நீ வராதே. நீ இல்லாம இருந்தா நான் ஏன் பார்க்கப் போறேன்?"

"சரி"ன்னா, அவ்வளவு சுலபமா.

கடைசி ஒத்திகை அன்னிக்கு, ஹால் நடுவுல மூணு கால் ஸ்டாண்டு மேல கேமராவை நிறுத்தி வெச்சா. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அது தானா படம் எடுத்துக்குமாம், சத்தமே வராதாம். வெச்சுட்டுக் கிளம்பிப் போயிட்டா. எங்கே தெரியுமா? என் வீட்டுக்கு. என் சோபாவுல உக்காந்து என் வீட்டுக்காரரோட டிவி பார்த்துக்கிட்டு, நான் எடுத்து வெச்சிருந்த பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இருந்தாளாம். "உன் தங்கச்சி இடத்தை விட்டு அசையல"ன்னு அவரே சாட்சி சொன்னார்.

நாடகம் இதுதான்: வாடகை அறையில ஒருத்தி, விட்டுட்டுப் போன புருஷன் வருவான்னு காத்துக்கிட்டு இருக்கா. வரமாட்டான்னு கடைசியில புரிஞ்சு, துணியை மடிச்சுப் பெட்டியில வைக்கறா. அன்னிக்கு நான் நிம்மதியா நடிச்சேன். அப்பாடா, தொல்லை விட்டுதுன்னு இருந்தது. வாத்தியார்கூட, "இன்னிக்கு என்ன, புது ஆள் மாதிரி இருக்கீங்க?"ன்னு கேட்டார்.

மறுநாள் மருந்துக் கடைக்கே ரெண்டு பேரும் வந்து நின்னாங்க. வாத்தியார் முகமெல்லாம் மலர்ந்திருக்கு. தங்கச்சி போனை நீட்டினா.

நான்தான். கையில பாதி மடிச்ச துண்டு. வாய் லேசா திறந்திருக்கு. லென்ஸைப் பார்க்கல. தலையைத் திருப்பி, மேடைக்கு வெளிய எங்கேயோ ஒரு இடத்தைப் பார்க்கறேன். யாரோ இப்ப வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்கங்கற மாதிரி ஒரு பார்வை. என் மூஞ்சியில அப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்கே தெரியாது.

"பொம்பளை காத்திருக்கறதுன்னா இதும்மா!"ன்னார் வாத்தியார். "கண்ணு கலங்கிடுச்சு எனக்கு." இருமல் மருந்து வாங்க நின்னவர்கூட எட்டிப் பார்த்து நல்லாயிருக்குன்னுட்டுப் போனார். எனக்குக் கால் தரையில பாவல. வந்துடுச்சு போஸ்டர்!

வாத்தியார் வெளிய போனதும் தங்கச்சி கவுன்ட்டர் மேல சாஞ்சா.

"அக்கா, நீ பார்க்கற பக்கம் என்ன இருக்கு?"

யோசிச்சேன். மேடையில நிக்கற மாதிரி மனசுல நின்னு, தலையைத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம். பக்கக் கதவு. அவ வர்ற கதவு.

"அந்த ஒரு படம்தான்னு நினைச்சேன்"னா மெதுவா. "நேத்து எடுத்த எல்லாத்துலயும் அங்கேதான் பார்க்கற. ஒத்திகை ஆரம்பத்துலேர்ந்து."

நடிப்பு, நடிப்புன்னு இவங்க கொண்டாடறது எல்லாம், இவ வந்துட்டாளா, எங்க ஒளிஞ்சிருக்கா, இன்னும் ஏன் வரலைன்னு நான் பார்த்த பார்வையா? வராதேன்னு சொன்னதும் நான்தானே!

"வேணாம்னா சொல்லு"ன்னா. "அழிச்சிடறேன். வாத்தியார்கிட்ட கேமரா கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கறேன். குடை படம் ஒண்ணு இருக்கு."

கொழுப்பு பாருங்க, குடையாம் குடை. கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையை அடுக்கற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு நின்னேன். அவ அவசரப்படுத்தல. அவதான் யாரையும் அவசரப்படுத்த மாட்டாளே.

"போடு"ன்னேன்.

நாடகம் அன்னிக்கு அரங்கத்து வாசல்ல என் மூஞ்சி கதவு அகலத்துக்கு நின்னுது. கீழே படம் எடுத்தவங்கன்னு அவ பேரு. படம் எடுத்தது ஸ்டாண்டு, இவ என் வீட்டு பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இருந்தா, பேரு மட்டும் இவளுக்கு! அதைப் பார்த்ததும் மறுபடி புகைய ஆரம்பிச்சுடுச்சு எனக்கு. மேக்கப்போட வெளிய வந்து பக்கத்துல நின்னேன். யாரோ ஒரு வயசான அம்மா போஸ்டரையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

"நீதானாம்மா இது? யாரை இப்படித் தேடறே?"

"புருஷனை"ன்னேன். கதைப்படி அதானே.

தங்கச்சி பக்கத்துலதான் நின்னா, கருப்புச் சட்டையில. உதட்டோரம்கூட அசையல. எனக்குப் பொத்துக்கிட்டு வந்தது. இவளுக்குத் தெரியும். இனிமே என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு இது தெரியும்.

உள்ள மணி அடிச்சாங்க.

"போ அக்கா, நேரமாச்சு."

"நீ எங்க நிக்கப் போற?" இத்தனை வருஷத்துல அதை நான் வாயைத் திறந்து கேட்டதே இல்ல.

அவ கேமராவோட சின்ன விளக்கு மேல டேப்பை விரலால அழுத்தி விட்டுக்கிட்டா.

"சொல்லணுமா என்ன? நீயேதான் கண்டுபிடிச்சிடுவியே."

திரை விலகிச்சு. புது அரங்கம், எதிர்ல ஒண்ணுமே தெரியாத இருட்டு. முதல் வசனத்தை முடிக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டேன். வலப்பக்கம், கடைசித் தூணுக்குப் பின்னாடி.