எட்டடி உயரத்தில் கட்டிய ஏரியல்

ஏரியல் கம்பியைப் பனையிலிருந்து இறக்கிய அன்று கொல்லையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, சின்ன அண்ணன், நான். பெரியண்ணன் இல்லை. அவன் இல்லாததால்தான் அந்தக் கம்பியே கட்டினோம்.

பெரியண்ணன் திண்டிவனத்து ஏஜெண்டு ஒருவன் மூலமாகச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். மூன்று கடிதம் போட்டான். மூன்றாவதில், சம்பளம் சரியாக வரவில்லை, பாஸ்போர்ட்டை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தான். அதற்கப்புறம் ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. நாங்கள் போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. அப்பா போய்க் கேட்கும்போதெல்லாம் ஏஜெண்டு, "வரும் வரும், போங்க பெரியவரே" என்று அனுப்பிவிடுவான்.

கோலியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வரை போனவன் நான். விழுப்புரத்தில் படித்தபோது ஒரு நண்பனோடு சேர்ந்து, வீட்டில் சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொள்ள அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி, மோர்ஸ் தந்தி அடிக்கப் பழகி, லைசென்சும் வாங்கிவிட்டேன். பழைய சாமான் கடையில் கிடைத்த ராணுவ ரிசீவர் ஒன்று, நானே பற்றவைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டர் ஒன்று, ஒரு லாரி பேட்டரி. இவ்வளவுதான் என் நிலையம். சிங்கப்பூரில் என்னைப் போல் லைசென்ஸ் உள்ள ஒருவர் என் தந்தியைக் கேட்டுவிட்டால், அண்ணன் கடிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போய் அவன் இருக்கிறானா என்று பார்த்துச் சொல்லமாட்டாரா? அடுத்தவருக்கான செய்தியை அனுப்பக்கூடாது என்று லைசென்சில் விதி உண்டு. தெரிந்துதான் துணிந்தேன்.

முதலில் சின்ன அண்ணன்தான் இரண்டு பனையிலும் ஏறி, முப்பத்தைந்து அடி உயரத்தில் கம்பியைக் கட்டினான். ஒன்பதாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு சிங்கப்பூர் நிலையம் கேட்டது. கூப்பிட்டேன். லைசென்சில் எனக்குக் கொடுத்திருந்த அடையாள எழுத்துகளில் முதல் இரண்டை மட்டும் அங்கிருந்தவர் திருப்பி அடித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டார். மறுபடி அடித்தேன். மறுபடி அதே இரண்டெழுத்து, அதே கேள்விக்குறி. அப்புறம் இரைச்சலில் மறைந்துபோனார்.

"பேசிட்டியா?" என்றாள் அம்மா.

"பாதி கேட்டுட்டாரும்மா."

மீதிப் பாதிக்காகத்தான் புத்தகத்தை எடுத்தேன். ஆங்கிலப் புத்தகம். தூர தேசத்தோடு பேச வேண்டுமானால் ஏரியலுக்கு 'லோ ஆங்கிள்' வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. லோ என்றால் தாழ்வு. இது தெரியாதா எனக்கு? ஏரியில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தத்தவிடும்போது குனிந்து, தண்ணீரை ஒட்டி எறிந்தால்தானே தூரம் போகிறது. கம்பியை எட்டடிக்கு இறக்கச் சொன்னேன்.

சின்ன அண்ணன் ஒப்பவில்லை. "ஒசர இருந்தாத்தானடா தூரம் போவும்? கோயில் திருவிழால ரேடியோ குழாய எதுக்கு மரத்துமேல கட்றாங்க?"

"அது சத்தம்ணா. இது அலை. புக்குலயே போட்டிருக்கு." ஆங்கிலத்தில் அந்த வரியை உரக்கப் படித்தும் காட்டினேன்.

"படிச்சவன் சொல்றான் இல்ல? அவுத்து எறக்குடா" என்றார் அப்பா.

இரண்டு மூங்கில் நட்டு எட்டடியில் கட்டிய முதல் நாளே மெட்ராஸ் நிலையம் காதைப் பிளந்தது. பெங்களூர், மதுரை, கொழும்பு எல்லாரும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அடிப்பதுபோலக் கேட்டார்கள். என் சத்தமும் பிரமாதமாகக் கேட்பதாகச் சொன்னார்கள். என் படிப்புக்கு அதைவிட அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குக் கொழும்பு என்றால் நாளைக்குச் சிங்கப்பூர்தானே?

அம்மா ஒருநாள் ஈரப் புடவையை ஏரியல் கம்பியில் போட்டுவிட்டாள். வரப்போடு போன பங்காளிச் சித்தப்பா நின்றுவிட்டார். "என்னாடா, துணி காயப்போடற கொடியில சிங்கப்பூர் பேசிக்கினு கீறீங்களா?"

"உன் கோவணத்தையும் எடுத்தாந்து போடு சித்தப்பா" என்றான் சின்ன அண்ணன். "மலேசியா வரைக்கும் போவும்."

அம்மாவும் சிரித்தாள். அண்ணன் கடிதம் நின்ற பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கம்பி கீழே வந்துவிட்டதால் பனை இரண்டும் சும்மா நின்றன. திண்டிவனம் போக வர அப்பாவுக்குச் செலவும் இருந்தது. கூரைக்குக் கைமரம் தேடி வந்தவனுக்கு இரண்டையும் விலை பேசி வெட்டிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றரை மாதம், தினமும் பொழுது சாய்ந்ததும் சிங்கப்பூரைக் கூப்பிட்டேன். அவர்களுடைய சத்தம் மெலிதாகச் சில நாள் கேட்கும். என் சத்தம் அங்கே கேட்கவில்லை. அம்மா முதலில் தினமும் கேட்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பேட்டரி போதவில்லையோ, தந்தி அடிக்கும் கீயில் என் கை சரியில்லையோ என்று என்னென்னவோ மாற்றினேன். கம்பியை மட்டும் தொடவில்லை. அது புத்தகத்தில் இருந்தது.

ஒருநாள் மெட்ராஸ்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் என் ஏரியலின் உயரம் கேட்டார். எட்டடி, லோ ஆங்கிளுக்காக என்று பெருமையாக அடித்தேன். அவரிடமிருந்து நாலு புள்ளி, இரண்டு புள்ளி வந்தது. மோர்சில் சிரிப்பென்றால் அதுதான். சிரித்து முடித்து, பொறுமையாகவே விளக்கினார். தாழ்வாக இருக்க வேண்டியது அலை கிளம்பும் கோணம், கம்பி இல்லை. கம்பி உயர உயரத்தான் கோணம் தாழும். எட்டடியில் இருக்கும் கம்பி அலையை நேராக வானத்துக்கு அனுப்பும். அது திரும்பிச் சுற்றுவட்டாரத்திலேயே விழும். 'அதனால்தான் தம்பி உன் சத்தம் எனக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கிறது' என்றார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். பனை நின்ற இடத்தில் இரண்டு அடிக்கட்டைதான் இருந்தது.

சின்ன அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் ஒன்றும் திட்டவில்லை. "கம்பத்துக்கு வழி பாரு" என்றான். மரக்காணம் பக்கம் போய் நீளமான சவுக்குக் கம்பம் இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றிவந்தான். இருவருமாக நட்டு, இழுவைக் கயிறு கட்டி, கம்பியை முப்பதடிக்கு ஏற்றினோம். "எதுக்குடா மறுபடியும் மேல?" என்று கேட்ட அப்பாவிடம், சும்மா பார்க்கத்தான் என்றேன்.

நாலாம் நாள் சிங்கப்பூர் என் முழு அடையாளத்தையும் திருப்பி அடித்தது. அவசரத்தில் நான் இரண்டு இடத்தில் தப்பாக அடித்தேன். செய்தி என்று எதையும் அனுப்பவில்லை. அண்ணன் கடிதத்தில் இருந்த தெருப் பெயரைச் சொல்லி, அங்கே கட்டட வேலை நடக்கிறதா, ஆட்கள் தங்கும் கொட்டகை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவர் வயசாளி என்று நினைக்கிறேன், நிதானமான கை. தனக்குப் பக்கம்தான், போய்ப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவர் அடிக்க அடிக்க அப்படியே எழுதிக்கொண்டேன்: போனேன். கட்டடம் பாதியில் நிற்கிறது. கொட்டகை காலி. ஆட்கள் எல்லாரையும் இரண்டு மாதம் முன்னால் அனுப்பிவிட்டதாகக் காவல்காரர் சொல்கிறார். எங்கே என்று தெரியாது.

"என்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"ரெண்டு மாசமா?" என்றான் சின்ன அண்ணன். கம்பி கீழே இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டப் போவதுபோல வெளியே போய்விட்டான்.

கம்பியை எதற்கு மறுபடி ஏற்றினோம் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "அன்னிக்கு நீ படிச்சுக் காட்டினியே," என்றார். "அந்த புக்குல தப்பா போட்டுட்டாங்களாடா?"

"ஆமாம்பா" என்றேன்.

"ச்சே. அச்சுல போடறவன் பாத்துப் போட வேணாம்?"

அதற்கப்புறம் இருந்த ஒரே வழி ஏஜெண்டுதான். கொட்டகை காலியானது எங்களுக்குத் தெரியும் என்றதும், அவன் முதல்முறையாக அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னான். வேறு கம்பெனியில்தான் சேர்த்திருப்பார்கள், ஆள் விட்டுத் தேடலாம், செலவாகும் என்றான். வேர்க்கடலை போடும் அரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையை விற்றோம். ரிசீவரையும் விலைக்குக் கொடுத்துவிட்டேன். ஏஜெண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொண்டான். நான்காவது முறை போனபோது அவன் கடை பூட்டியிருந்தது. பெரியண்ணன் வரவில்லை. அவனைத் தேடிய செலவு, தபாலுக்கும் பஸ்ஸுக்கும் ஆனதும் சேர்த்து, ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.