ஆசிட் டீச்சர் ஊதிக் காட்டினார்

என் அத்தை வேதியியல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் ஆசிட். மாமாவும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அத்தை காதில் விழாத தூரத்தில்.

ஆண்டு விழாவுக்கு வரும் பெரிய பிள்ளைகள் குடித்திருக்கிறார்களா என்று வாசலில் ஊதச் சொல்லிப் பார்க்க, பள்ளி ஒரு கருவி வாங்கியது. பொறுப்பு அத்தையிடம். முந்தின நாள் எங்கள் வகுப்பில், "பயப்படாதீங்க, நானே ஊதிக் காட்டுறேன், பூஜ்யம்தான் வரும்" என்று ஊதினார். கருவி வீலென்று அலறியது. அது காட்டிய எண்ணுக்கு ஒரு மனுஷி நிற்கவே முடியாது!

சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டு போனது. "டீச்சர், நேரா நடந்து காட்டுங்க!" என்று கடைசி பெஞ்ச் கத்தியது. எனக்கு மானமே போனது. அத்தையோ துள்ளிக் குதித்தார். "அட, மவுத்வாஷ்! இப்பத்தான் வாய் கொப்பளிச்சேன், அதுல ஆல்கஹால் இருக்கு!"

சாக்பீஸ் உடைய உடையப் பலகையில் எழுதினார். கருவிக்குள் ஆல்கஹால் வினிகரில் இருக்கும் அமிலமாக மாறும். அப்போது ஓடும் மின்சாரத்தைத்தான் அது அளக்கிறது. வாயில் ஒட்டியிருப்பது கால் மணி நேரத்தில் போய்விடும், ரத்தத்தில் கலந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. காத்திருந்து மறுபடி ஊதினார். பூஜ்யம்! விசில் பறந்தது.

மாமாவிடம் போட்டுக் கொடுத்தது நான்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வாரம் நண்பர் வீட்டு விருந்திலிருந்து வந்தவர், அத்தை கதவைத் திறந்ததுமே, "இப்பத்தான் மவுத்வாஷ் போட்டேன்" என்றார்.

அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கைப்பையிலிருந்து கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதனால என்னங்க? கால் மணி நேரம் உட்காருங்க."