கொடியசைக்க வந்தவரும் அடையாற்றுச் சேறும்

அடையாற்றில் படகுப் போட்டி என்று சொன்னால் பலருக்குக் கண் விரிகிறது. பச்சைத் தண்ணீர், கரையில் மரங்கள், வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம் என்று ஏதோ கற்பனை. கர்மம். எங்கள் துடுப்பில் என்னென்ன ஏறி வந்தது என்பதைச் சோறு சாப்பிடும் நேரத்தில் சொல்லக் கூடாது. கோழி இறகு, டயபர், அழுகிய மாலை. ஒருமுறை பல்செட் வந்தது, மேல்வரிசை முழுசாக.

நான் காக்ஸ். அதாவது படகின் பின்முனையில் குறுகி உட்கார்ந்து, சுக்கானைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவள். துடுப்பு போடும் நான்கு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, என் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். வழி எனக்கு மட்டும்தான் தெரியும். உடம்பு குச்சி, தொண்டை பெரிசு என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். சாந்தோமில் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் டீச்சர்கள், தொண்டை பரம்பரைச் சொத்து. "சாக்கடையில படகு விடவா உன்ன காலேஜுக்கு அனுப்பினோம்?" என்று கேட்டபடி அம்மா தினமும் என் கால்சட்டையைத் தனி பக்கெட்டில் ஊறப் போடுவாள். எந்த சோப்புக்கும் அந்தக் கறை போகாது.

அந்த வருடப் போட்டி எங்களுக்கு விளையாட்டு இல்லை. காலேஜில் உருப்படியாக இருந்தது ஒரே படகு. காலையில் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். வெயிலும் நாற்றமும் ஏறிய பிறகு எங்களுக்குக் கிடைக்கும். சண்டை போட்டோம். பையன்களின் கேப்டன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஜெயிச்சு காட்டுங்க, காலைல போட் உங்களுக்கு. தோத்தீங்கன்னா அப்பறம் போட் பக்கமே வரக்கூடாது." விளையாட்டு வாத்தியாரும் தலையாட்டினார். பெரிய நியாயஸ்தர்!

போட்டியன்று காலையில் கடல் தண்ணீர் ஏறி ஆறு நிறைந்திருந்தது. நடுவர் விதிகளைச் சொன்னார். துடுப்பு போடுகிறவர் ஒருவர் விழுந்துவிட்டாலும் மீதிப் பேர் முடிக்கலாம். காக்ஸ் இல்லாமல் கோட்டைத் தாண்டினால் மட்டும் செல்லாது. எங்கள் நான்கு மகாராணிகளும் அப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பையன்களின் ரேஸ் எல்லாம் நல்ல தண்ணீரில் முடிந்தது. பெண்கள் ரேஸை மட்டும் சிறப்பு விருந்தினர்தான் கொடியசைத்துத் தொடங்கிவைப்பாராம். ஐயா வடபழனியில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று மைக்கில் ஒருவர் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் காய்ந்தோம். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. "சார், தண்ணி வத்திக்கினே போகுது சார், இப்பவே விட்டுடுங்க" என்று நடுவரிடம் கெஞ்சினேன். "வி.ஐ.பி. வராம எப்படிம்மா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா வந்தபோது இரண்டு ஓரமும் கறுப்பாகச் சேறு தெரிந்தது. பட்டு வேட்டி, வாயில் வெற்றிலை, மூக்கில் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையை எடுக்காமலேயே கொடியசைத்தார்.

இரண்டே படகுகள், எங்களுடையதும் வேறொரு காலேஜ் பெண்களுடையதும். நாங்கள் முன்னால் போனோம், நன்றாகவே போனோம். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் படகின் அடித்தகடு சேற்றில் குத்தி நின்றுவிட்டது. பின்னால் அடுத்த படகின் சத்தம் நெருங்கியது.

"யாராவது ஒருத்தி எறங்கித் தள்ளுங்கடி!" என்று கத்தினேன்.

"ஐயே, புழு நெளியுதுடி!"

"நான் கால்ல மெஹந்தி வெச்சிருக்கேன்."

என் நேர் எதிரே உட்கார்ந்திருந்த மேற்கு மாம்பலத்துக்காரிதான் சொன்னாள்: "நீதான சும்மா குந்திகினு கீற? நீ எறங்கேன்!"

"நான் இல்லாம போனா செல்லாதுடி!"

"தள்ளிட்டு டக்குனு ஏறிக்கோ, ரூல் பேசாத!"

சீ என்று ஆகிவிட்டது. இறங்கினேன். தொடைவரை உள்ளே போனேன். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்முனையைத் தூக்கித் தள்ளினேன். என் எடையும் இறங்கிவிட்டதால் படகு வழுக்கிக்கொண்டு கிளம்பியது. நான் கிளம்பவில்லை. இரண்டு காலும் மாட்டிக்கொண்டன.

"நில்லுங்கடி! ஏத்திக்கினு போங்கடி!"

"நீ மெதுவா வா, நாங்க ஜெயிச்சிட்டு வந்துடறோம்!"

நான்கு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். வேறு எங்கே பார்ப்பார்கள், அவர்கள் உட்கார்ந்திருப்பதே அப்படித்தானே? ஒருத்தி சிரித்தாள்கூட. அவர்கள் முதலாவதாகக் கோட்டைத் தாண்டியபோது எழுந்த கைதட்டலைச் சாக்கடையில் நின்று கேட்டேன்.

காவல் படகில் இருந்தவர்கள் கயிறு போட்டு என்னை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் நடுவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். காக்ஸ் இல்லை, செல்லாது, வெற்றி அடுத்த படகுக்கு.

"உன்ன யாருடி எறங்க சொன்னது?" என்று கேட்டாள் அதே மேற்கு மாம்பலத்துக்காரி. கிட்டே வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று கேட்டாள். அவளோடு அதற்குப் பிறகு நான் பேசியதே இல்லை.

மேடையில் ஐயா பேசினார். நதி நம் தாய் என்றார். பிறகு கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூப்பிட்டார்கள். வேண்டுமென்றே கழுவாமல் போனேன்.

"ஏம்மா, கொஞ்சம் கழுவிட்டு வரக்கூடாதா?" என்றார் ஐயா. மற்றவர்களிடம் கை குலுக்கியவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

நான் விடவில்லை. அந்தக் கும்பிட்ட கைகளை என் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக் குலுக்கினேன். "காலைலேர்ந்து உங்களுக்காகத்தான் சார் காத்துக்கினு இருந்தோம்" என்றேன். கையை உருவிக்கொண்ட அவசரத்தில் அவர் அதைப் பட்டு வேட்டியிலேயே துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை படகுக் கொட்டகைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. சாவி பையன்களிடம். அதன் பிறகு நாங்கள் ஆற்றில் இறங்கவே இல்லை. என் காலில் இருந்த நாற்றம் சில நாளில் போய்விட்டது. அவர் வேட்டியில் அந்தக் கறை இன்னும் இருக்கும். இருக்கட்டும்.